பயணம் சொல்லப் போனோம்

முதலாம் நாள், களுதாவளை

காலையில் அம்மா வெற்றிலைத் தோட்டத்துக்குள் இறங்கி நாலு கட்டு ஆய்ந்துகொண்டு வந்தா. நாலு வீட்டுக்கு நாலு கட்டு. ஈரச் சாக்கில் சுற்றிக் கிணற்றடி நிழலில் வைத்துவிட்டு, "வெறுங்கையோட ஒருத்தர்ர வாசலும் மிதிக்கப்படா" என்றா. வீட்டுக்குள் பாதிச் சாமான் பெட்டியில், மிச்சம் நிலத்தில். இரண்டு வயது மகன் பெட்டிக்குள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறான்.

இவருக்கு மாற்றக் கடிதம் வந்தது மாசிக் கடைசியில். நீர்ப்பாசன வேலை. புது இடம் மன்னார் மாவட்டத்தில் முருங்கன், கட்டுக்கரைக்குளத்துக்குக் கிட்ட. மகளுக்கு முதலாம் தவணை முடியட்டும், சித்திரை லீவோடு போவோம் என்று நாள் வைத்தோம். லொறி வர இன்னும் ஐந்து நாள். அதற்குள் வருசமும் பிறக்கிறது, பயணமும் சொல்லி முடிக்க வேண்டும்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் தூரம் போகிறவர்கள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்ப் பயணம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். கதிர்காமத்துக்கு நடக்கிறவர்களும் சொல்வார்கள், மக்காவுக்குப் போகிற முஸ்லிம் ஆட்களும் சொல்வார்கள், வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளும் சொல்வார்கள். மனத்தாங்கல் ஏதும் இருந்தால் அந்த வாசலிலேயே தீர்த்துவிட்டுப் போக வேண்டும். போன் இருக்கிற காலத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். போனில் சொன்னால் அது தகவல்தான். வாசலில் நின்று சொன்னால்தான் பயணம் சொன்னதாகும் என்று நான் நினைக்கிறேன்.

எனக்கு இந்தப் பயணம் ஏன் இவ்வளவு பாரமாக இருக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் வீடு பொம்புளைப் பிள்ளைக்கு. ஆம்பிளைப் பிள்ளை கலியாணம் முடித்த வீட்டில் போய் இருப்பான். மூத்தவளுக்குக் கலியாணம் என்றால் தாய் தகப்பன் இருந்த வீட்டை அவளுக்கு விட்டுக் கொடுத்துவிட்டு, அதே வளவில் அடுத்தவளுக்கு வீடு கட்டி அங்கே மாறுவார்கள். பிள்ளை சேர்வதும் தாயின் குடியில், தாய்வழி வம்சத்தில்தான். யாழ்ப்பாணத்துக்குத் தேசவழமை போல மட்டக்களப்புக்கு முன்பு முக்குவர் சட்டம் என்று ஒன்று இருந்தது. இப்போது அது நடைமுறையில் இல்லை. ஆனால் வீடு கொடுக்கிற வழக்கம் அப்படியே நடக்கிறது.

எங்கள் வளவில் நாலு அடுப்புப் புகையும். அம்மம்மாவின் தங்கச்சி, சின்னம்மா, அம்மா, நான். நேற்று இரவு நித்திரை வராமல் எண்ணிப் பார்த்தேன். அம்மம்மாவின் தாய் வரைக்கும் போனேன். கலியாணம் முடித்தபிறகு இந்த வளவை விட்டுப் போனவள் ஒருத்தியும் இல்லை. நான்தான் முதல்.

இரண்டாம் நாள், வருசம்

சாமத்தில் எழுப்பிவிட்டா அம்மா. மருத்துநீரைக் கோயிலில் இருந்து அப்பா நேற்றே செம்பில் வாங்கி வைத்திருந்தார். பஞ்சாங்கத்தில் சொன்ன இலையைத் தலையிலும் காலடியிலும் வைத்துப் பிள்ளைகளுக்கு அம்மா தேய்த்துவிட்டா. மஞ்சள், துளசி, அறுகு, வில்வம், பால் எல்லாம் சேர்ந்த அந்த வாசம் முழுகினபிறகும் பிள்ளையின் உச்சியில் மிச்சமிருக்கும். மகளின் தலையைத் துவட்டும்போது நான் இரண்டு மூன்று தரம் மணந்து பார்த்தேன்.

பிள்ளையார் கோயிலுக்குப் போய் வந்து கைவிசேஷம். அப்பா ஒவ்வொருவருக்கும் வெற்றிலையில் கொஞ்சம் நெல்லும் புதுத் தாளும் வைத்துத் தந்தார். எனக்குத் தரும்போது மட்டும் இரண்டு கையாலும் தந்தார்.

பின்னேரம் மாமரத்தில் ஊஞ்சல். பக்கத்து வளவுப் பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டார்கள். சின்னம்மா பலகையின் ஒரு அந்தத்தில் நின்று உந்த, மகள் மறு அந்தத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். வயதான பொம்புளைகள் ஊஞ்சல் பாட்டு எடுத்தார்கள். இருட்டும்வரை ஆடினாள்.

இரவு பெட்டகத்தைப் பற்றிய கதை வந்தது. முதிரை மரத்தில் செய்த பெரிய பெட்டகம், அம்மம்மாவின் தாய் காலத்துச் சாமான். மூத்த மகளுக்கு வீட்டோடு சேர்ந்து வரும். லொறியில் ஏற்றலாமா என்று இவர் கேட்டார். அம்மா எழும்பிப் போய் அதன் மூடியில் கையை வைத்துக்கொண்டு, "இது வீட்டோட கிடக்கட்டும் மனே. வீடு எங்கயும் போகாது" என்றா. பிறகு மூடியைத் திறந்து உள்ளே இருந்த பித்தளை வட்டாவை எடுத்துப் புளி போட்டு மினுக்கத் தொடங்கினா. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்து முன்னால் நீட்டுகிற, கால் வைத்த அந்தத் தட்டுக்குத்தான் எங்கள் பக்கத்தில் வட்டா என்று பேர். "இத கொண்டு போ. அங்க ஒருத்தர் வந்தா என்னத்துல வெத்திலை வைப்பாய்?"

மூன்றாம் நாள், திராய்மடு

முதல் வீடு மாமி வீடு. அப்பாவின் அக்கா. களுதாவளையில் பஸ் ஏறி, ஆரையம்பதி, காத்தான்குடி கடந்து கல்லடியில் ஒருதரம் இறங்கினோம். திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரத்தை மகளுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. 2004 மார்கழி 26 சுனாமியில் கடல் வந்தபோது சரிந்த கோபுரம். சரிந்தபடியே நிற்கிறது. மகள் தலையைச் சரித்து வைத்துப் பார்த்தாள்.

பாலத்தில் நடந்தோம். 2013இல் புதுப்பாலம் திறந்தபிறகு வாகனம் எல்லாம் அதில்தான். பழைய இரும்புப் பாலத்தில் காற்று வாங்குகிறவர்களும் தூண்டில் போடுகிறவர்களும். மட்டக்களப்பு வாவியில் இருக்கிறது என்கிற பாடும் மீன் எங்கே என்று மகள் கேட்டாள். அதற்கு நிலவும் அமைதியும் வேண்டும். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அப்பா ஒரு பறுவத்துக்கு என்னைத் தோணியில் கொண்டுவந்து, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியைக் காதில் வைக்கச் சொன்னார். நனைந்த மரத்துக்குள்ளால் மெல்லிய ஒரு நாதம் வந்தது. நிறுத்தி நிறுத்தி, ஒரே சுரத்தில். மீனா, சிப்பியா, கல்லிடுக்கில் ஓடும் தண்ணீரா என்று படித்தவர்கள் எத்தனையோ சொல்கிறார்கள். நான் கேட்டேன், அது எனக்குப் போதும்.

மாமியின் சீதன வீடு நாவலடியில் இருந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற ஊர். கடல் வந்த அன்று அந்த ஊரில் நிமிர்ந்து நின்ற வீடு குறைவு. மாமி பிழைத்தது ஒரு தென்னையைப் பிடித்து. மாமாவும் மூத்த மச்சானும் பிழைக்கவில்லை. அந்த ஊர் ஆட்களுக்குப் பிறகு திராய்மடுவில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். மாமி இருபது வருசமாக அங்கேதான்.

வெற்றிலையைக் கொடுத்து, "பயணம் சொல்ல வந்தம் மாமி" என்றேன். மாமி அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அலுமாரியைத் திறந்து, பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு காகிதக் கட்டை எடுத்துக் காட்டினா. நாவலடி வீட்டின் உறுதிப் பத்திரம். அப்போது கடனுக்கு ஈடாக வங்கியில் கிடந்ததால் தப்பியது. "வீடு போயிற்று, உறுதி இருக்கு. முதல் ரெண்டு வருசம் இந்த வீட்டுல ஒரு பூங்கண்டு கூட வைக்கல்ல நான். ஆற்றயோ வீடு எண்ட மாதிரித்தான் இருந்தன். அப்பிடி இருந்திராத புள்ள. போன கையோட என்னத்தையாவது நடு."

இதைச் சொன்னபோது மாமி அழவில்லை. முற்றத்தில் முருங்கையும் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் அடர்ந்து நின்றன. எங்களுக்கு இறால் கறியும் முருங்கையிலைச் சொதியும். வரும்போது ஒரு போத்தல் நிறையக் காய்ந்த கூனி தந்தா. "மன்னார்ல கருவாடு பஞ்சமில்ல, தெரியும். ஆனா இது நம்மட ஆத்துக் கூனி."

நான்காம் நாள், மண்டூர்

மகள் இன்றைக்குத்தான் முதல் முறையாகப் 'பாதை'யில் ஏறினாள். குருமண்வெளித் துறையில் இருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கிற தட்டையான படகுக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். மோட்டார் சைக்கிள், ஓட்டோ, அரிசி மூட்டை, மீன் பெட்டி, ஆசுபத்திரிக்குப் போய் வருகிற கிழவி, எல்லாம் ஒரே தளத்தில். வெளியூர் ஆட்களிடம் "பாதைக்குக் காத்துக்கொண்டு நிற்கிறோம்" என்றால் விளங்காது. நடுவாவிக்கு வந்ததும் காற்று மாறியது. மகன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காற்றைக் குடித்தான்.

எழுவான்கரையில் இருந்து படுவான்கரைக்குப் போகிறோம் என்று இவர் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். வாவிக்குக் கிழக்கே, கடற்பக்கம் எழுவான்கரை, சூரியன் எழுகிற கரை. மேற்கே வயலும் காடும் உள்ள பக்கம் படுவான்கரை, அது படுகிற கரை. "அப்ப முருங்கன் எந்தக் கரை?" என்று மகள் கேட்டாள். இவர் உடனே பதில் சொல்லவில்லை.

மாமா, அம்மாவின் ஒரே தம்பி, மண்டூரில் கலியாணம் முடித்து அங்கேயே ஊன்றியவர். துறைக்கு மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். முதலில் முருகன் கோயில். சின்னக் கதிர்காமம் என்று சொல்வார்கள். இங்கே பூசை செய்கிறவர் கப்புகனார். வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் பூசை நடக்கும், மந்திரச் சத்தம் கேளாது. கோயில் நிறையச் சனம் நிற்க, ஒரு பேச்சும் இல்லாத அந்த நேரத்தில் மகன் கூடச் சிணுங்கவில்லை. நான் வேண்டுதல் என்று ஒன்றும் வைக்கவில்லை. இந்த அமைதியைக் கொஞ்சம் கொண்டு போக முடிந்தால் நல்லது என்று இருந்தது.

பெரும்போகம் வெட்டி முடிந்த வயல் வட்டைகள் காய்ந்து கிடந்தன. நவகிரிக் குளத்துத் தண்ணீர் வருகிற பக்கம் மட்டும் சிறுபோகத்துக்கு உழவு. மாமா வீட்டுத் திண்ணையில் இவரும் மாமாவும் தண்ணீர்க் கதை தொடங்கினால் முடியாது. கட்டுக்கரைக்குளத்துக்கு அருவியாற்றில் தேக்கம் அணையில் இருந்து தண்ணீர் வருவதையும், அந்த ஒரு குளம் எத்தனையோ சிறு குளங்களை நிரப்புவதையும் இவர் நிலத்தில் கோடு கீறிக் காட்ட, மாமா குந்தியிருந்து பார்த்தார். எல்லாம் பார்த்து முடிந்தபிறகு மாமா கேட்ட ஒரே கேள்வி: "அங்க ஆனை வருமா?"

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எருமைத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர், மேலே காட்டுத் தேன். மகள் இரண்டு தரம் கேட்டு வாங்கினாள். மாமி சட்டி கழுவிக்கொண்டே, "உங்கட மாமா கலியாணம் முடிச்சு வந்த புதுசுல விடிய எழும்பித் துறையடிக்குப் போய் நிப்பார். அக்கரையப் பார்த்துக்கொண்டு. ஒரு போகம் வெட்டினாப் பிறகுதான் நிண்டிச்சு" என்றா. மாமா அதைக் காதில் விழாதவர் போல வெற்றிலை மடித்துக்கொண்டு இருந்தார்.

எனக்கு இது புதிதாகப் பட்டது. எங்கள் ஊரில் ஒவ்வொரு ஆம்பிளையும் ஒரு தரம் வீட்டை விட்டு வந்தவன். அப்பா நாவலடியில் இருந்து வந்தார். மாமா மண்டூருக்குப் போனார். இவர் தம்பிலுவிலில் இருந்து என் வீட்டுக்கு வந்தார். எட்டு வருசமாக என் பக்கத்தில் படுத்து எழும்புகிற மனிதரிடம், வந்த புதிதில் எப்படி இருந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

திரும்பி வரும்போது பாதையில் கேட்டேன். "கடல் சத்தம் ஒண்டுதான் ரெண்டு இடத்திலயும் ஒரே மாதிரிக் கேட்டிச்சு" என்றார். பிறகு, "அங்கயும் கடல் கிட்டத்தான். ஆனா முருங்கனுக்குச் சத்தம் கேக்காது" என்றார்.

மாமா ஒரு மூட்டை புதுநெல்லரிசி கட்டித் தந்தார். மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, "நீ கேட்டாயாம், முருங்கன் எந்தக் கரை எண்டு. அதுவும் படுவான்கரைதான் மனே. மாமாட கரை. பயப்பிடாத" என்றார்.

ஐந்தாம் நாள், மருதமுனை, தம்பிலுவில்

விடிய ஐந்தரைக்குப் புறப்பட்டோம். இன்றைக்கு இரண்டு வீடு.

மருதமுனையில் தறிச் சத்தம் தெருவில் இறங்கியதுமே கேட்கும். கைத்தறிக்குப் பேர்போன ஊர். இங்கே நாங்கள் போனது ஒரு முஸ்லிம் குடும்பத்து வீட்டுக்கு. எங்கள் அப்பப்பா காலத்தில் இருந்து இந்த வீட்டுக்கு வெற்றிலை போகிறது. வெற்றிலை மட்டும் இல்லை, பெருநாளுக்கு அங்கிருந்து வட்டிலப்பமும், வருசத்துக்கு இங்கிருந்து பலகாரமும். 1990க்குப் பிறகு கொஞ்சக் காலம் அப்பாவின் வெற்றிலைச் சைக்கிள் அந்தப் பக்கம் போகவில்லை. அந்தக் காலத்தைப் பற்றி இரண்டு வீட்டிலும் யாரும் கதைப்பதில்லை, நானும் கேட்டதில்லை.

ஆனால் ஒன்று எனக்கு நேரில் தெரியும். கடல் அடித்த அன்று மருதமுனைக் கரை அழிந்தது என்று கேள்விப்பட்டதும் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். தன் அக்காவைப் பற்றி எந்தத் தகவலும் இல்லாத நேரம் அது. கல்லடிப் பக்கம் ஆட்களை விடவில்லை என்று வடக்கே போய்த் திரும்பி, தெற்கே போனார். இரவு எட்டு மணிக்கு வந்து, "அவங்க இருக்காங்க, பள்ளிவாசல்ல இருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திண்ணையில் இருந்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா தேம்பி அழுததை அன்றுதான் கண்டேன்.

வீட்டுப் பெரியவ மூத்தம்மா இப்போது படுக்கையில். கண் தெரியாது. வெற்றிலைக் கட்டைக் கையில் கொடுத்ததும் காம்பைத் தடவி, "களுதாவளை" என்றா. அந்த வீட்டு அக்கா, ராத்தா, சிரித்துக்கொண்டு, "கடையில வாங்கிக் குடுத்தா கண்டுபிடிச்சிருவாங்க" என்றா. என் பயணத்தைக் கேட்டதும் மூத்தம்மாவுக்கு விளங்கவில்லை. இந்தப் பக்கத்து முஸ்லிம் ஆட்களிடமும் குடி இருக்கிறது, வீடும் பொம்புளைப் பிள்ளைக்குத்தான். "மாப்பிள வேலைக்குப் போகட்டும். ஊட்டுக்காரி ஏன் புள்ள போற?" என்று திரும்பத் திரும்பக் கேட்டா. பிள்ளைகள் தகப்பனோடு வளர வேண்டும் மூத்தம்மா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, "அதுவும் சரிதான். ஊட்டுல விளக்குப் பத்தவைக்க ஆள் இரிக்கா?" என்றா. அம்மா இருக்கிறா என்றேன். "அப்ப போய்ட்டு வாங்க. அல்லாட காவல்."

ராத்தா தன் தறியில் நெய்த படுக்கை விரிப்பு ஒன்று தந்தா. நீலமும் பச்சையும் கோடு. மகள் தறிக்குப் பக்கத்தில் இருந்து எழும்ப மறுத்தாள். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுவதைக் கண்ணாலேயே விரட்டிக்கொண்டு இருந்தாள்.

கல்முனையில் பஸ் மாறி, காரைதீவில் சுவாமி விபுலாநந்தர் பிறந்த வீட்டை வெளியே நின்று பார்த்தோம். 1892இல் இங்கே பிறந்து, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வரை போய்ப் பேராசிரியராக இருந்து, கடைசியில் கல்லடி உப்போடையில் தான் கட்டி வளர்த்த பள்ளிக்கூடத்தின் பக்கத்தில் அடங்கியவர். நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எல்லாம் பஸ் யன்னலால் போயின. வெயில் கொதித்தது.

தம்பிலுவிலுக்கு இரண்டு மணி பிந்திச் சேர்ந்தோம். மாமியார் சோற்றை மூடி வைத்துக்கொண்டு பசியோடு காத்திருந்தா. இந்த வீடு இப்போது மச்சாளின் வீடு. மாமியார் முன் அறையில்.

இந்த வாசலில் வெற்றிலை கொடுக்கத்தான் எனக்குக் கை நடுங்கியது. மகனைக் கூட்டிக்கொண்டு போகிறவள் என்று நினைப்பாவோ என்று பயம். மாமியார் வெற்றிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றி, சாமித் தட்டில் வைத்துவிட்டு வந்து என்னைத் தனக்குப் பக்கத்தில் இருத்தினா.

"நான் இவன எட்டு வருசத்துக்கு முதலே குடுத்திட்டன் மகள். அண்டைக்கு நான் பட்ட பாட்ட இண்டைக்கு உங்கம்மா படுறா. அவவுக்குத்தான் பழக்கமில்ல. எங்கட ஊர்ல பொம்புளப் புள்ளயக் குடுத்துப் பழகின ஆரு இருக்கா? நீ போன கையோட அவவுக்கு ஒவ்வொரு நாளும் பேசு. எனக்கு இவன் கிழமைக்கு ஒருக்காப் பேசினாக் காணும்."

நான் என்ன சொல்வது? மடியில் தலையை வைத்துக்கொண்டேன். கையில் பன்பாய் இழைத்த தழும்பு. விரல் நுனிகள் மரம் போல. அந்தக் கையால் என் தலையைத் தடவிக்கொண்டே, மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயைக் காட்டினா. சாயம் போட்டு, சிவப்பும் ஊதாவும் கலந்து இழைத்த பெரிய பாய். நாலு பேர் படுக்கலாம். மாற்றக் கதை கேட்ட நாளில் தொடங்கி நேற்றுத்தான் ஓரம் மடித்து முடித்தாவாம். ஒரு மூலையில் பன் கொஞ்சம் தடித்துப் பிசகியிருந்தது. "அதில கண்ணுக்குத் தெரியல்ல" என்றா.

பொழுதுபட முதல் கண்ணகை அம்மன் கோயிலுக்குப் போனோம். மாமியார் கும்பிட்டுவிட்டு மகளிடம் சொன்னா: "வைகாசில குளிர்த்திச் சடங்கு. அம்மாட்டச் சொல்லு, குளிர்த்திக்கு வரோணும் எண்டு." வருவோம். அதை இங்கேயே எழுதி வைக்கிறேன்.

ஆறாம் நாள், றோட்டு

ஆறு மணிக்கு வருவேன் என்ற லொறி பதினொன்றரைக்கு வந்தது. ஏற்றும் அவசரத்தில் அலுமாரியின் கண்ணாடி உடைந்தது. பயண நாளில் கண்ணாடி உடைந்ததே என்று சின்னம்மா முகம் கறுத்தா. அம்மா ஒன்றும் சொல்லாமல் விளக்குமாறால் கூட்டி அள்ளினா.

சாமான் எல்லாம் ஏறினபிறகு அப்பா தோட்டத்தில் இருந்து இரண்டு பொதி கொண்டு வந்தார். ஒன்றில் வெற்றிலைக் கொடி, ஐந்து துண்டு, ஒவ்வொன்றிலும் நாலைந்து கணு. வாழைச் சருகில் சுற்றி, அதற்கு மேல் ஈரச் சாக்கு. மற்றது அரைச் சாக்கு மணல். முருங்கன் மண் களி, காய்ந்தால் வெடிக்கும் என்று இவர் ஒருநாள் சொன்னது அப்பாவின் மனதில் நின்றிருக்கிறது. "கொடிக்குத் தண்ணி வேணும், ஆனா காலடியில நிக்கப்படா. குழியில இந்த மணலக் கலந்து வை. நிழல் பார்த்து வை." அப்பா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே குறைவு.

திறப்பை அம்மாவின் கையில் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டா. "பின்னேரம் பின்னேரம் விளக்கு வைப்பன்" என்றா. அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை. மகள் பின்கண்ணாடியால் கை காட்டிக்கொண்டே இருந்தாள். செட்டிபாளையம் வந்தபிறகும் காட்டினாள்.

நாங்கள் வானில், லொறி முன்னால். ஏறாவூர், வந்தாறுமூலை, வாழைச்சேனை. பிறகு வெலிக்கந்தைக் காடு. மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்கும்போது பக்கத்துப் பழைய இரும்புப் பாலத்தை இவர் காட்டினார். முன்பு ரயிலும் வாகனமும் அந்த ஒன்றிலேயே மாறி மாறிப் போகும். மகன் ஹபரணைக்கு முன்னால் இரண்டு தரம் சத்தி எடுத்தான். மதவாச்சியில் மன்னார் றோட்டுக்குத் திரும்பும்போது நல்ல இருட்டு. வெற்றிலைப் பொதியை என் மடியிலேயே வைத்திருந்தேன். ஈரம் சேலையில் ஊறிக் கால் குளிர்ந்தது.

ஏழாம் நாள், முருங்கன்

விடிந்தபிறகுதான் இடத்தைப் பார்த்தேன். சின்ன விடுதி. இரண்டு அறை, ஒரு குசினி. பின்னால் கிணறு, ஒரு வேம்பு. வெயில் பின்பக்கத்தால் வருகிறது. களுதாவளையில் வாசல் திண்ணையில் விழுகிற வெயில் இங்கே குசினிக்குள் விழுகிறது. நெருப்பு மூட்டிப் பால் பொங்க வைத்தேன். மாமியாரின் பாயை விரித்து நாலு பேரும் அதில் இருந்து முதல் தேத்தண்ணி குடித்தோம்.

பத்து மணிபோல் பக்கத்து விடுதி அக்கா வந்தா. சிலாவத்துறைப் பக்கத்து ஆள். ஒரு சட்டியில் மீன் குழம்பு கொண்டு வந்திருந்தா. நான் வட்டாவைத் தேடி எடுத்து, மிச்சமிருந்த வெற்றிலையும் பாக்கும் வைத்து நீட்டினேன். அவ வட்டாவைத்தான் பார்த்தா. தூக்கிப் பார்த்து, "இது என்ன, இவ்வளவு பாரம்?" என்று கேட்டா. சொன்னேன். சொல்லச் சொல்லக் கதை பெட்டகத்துக்கும் அம்மம்மாவுக்கும் போய்விட்டது. அவ ஒரு மணித்தியாலம் இருந்து கேட்டா.

வெயில் தாழ்ந்ததும் வேம்படியில் இவர் குழி வெட்டினார். மண்வெட்டி இறங்கவில்லை. அலவாங்கால் குத்திக் குத்தித்தான் களி கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. மகள் களுதாவளை மணலைத் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளி அள்ளிக் குழியில் போட்டாள். கறுத்த மண்ணுக்கு மேல் அந்த மணல் வெள்ளையாகக் கிடந்தது. அம்மா போன் எடுத்தா. சாப்பிட்டாயா, படுத்தாயா ஒன்றும் கேட்கவில்லை. "நட்டுட்டியா?"

இரண்டு நட்டாயிற்று அம்மா, மற்ற மூன்று துண்டும் வாளித் தண்ணீரில் கிடக்கிறது, இருட்டிவிட்டது, காலையில் மிச்சத்தை நடுகிறோம் என்றேன்.

"கணு மண்ணுக்குள்ள இருக்கா எண்டு பார்" என்றா. டோர்ச் அடித்துப் போய்ப் பார்த்தேன். இருந்தது.